வினையும் வர்த்தமானியும்

ஒட்சிசனுக்கு வாசல் தேவையில்லை. நுரையீரல் சிற்றறைக் கலத்தின் மென்சவ்வு கொழுப்பாலானது. ஒட்சிசன் மிகச் சிறியது, ஏற்றமற்றது, நேரே கரைந்து மறுபக்கம் போய்விடும். ஏற்றமுள்ள மூலக்கூறுகளை அந்தக் கொழுப்பு விடாது. அவற்றில் கலத்துக்கு வேண்டியவற்றை உள்ளே எடுக்கப் புரதத்தாலான தனி வாசல்கள் சவ்வில் உண்டு.

கலம் வளரவும் பெருகவும் பொலிஅமைன்கள் வேண்டும். அவற்றில் ஏற்றமுள்ள நைதரசன்கள் குறித்த இடைவெளியில் நிற்கும். பரகுவாட் என்ற களைநாசினியிலும் ஏறக்குறைய அதே இடைவெளிதான். அதனால் பொலிஅமைன் வாசல் அதையும் தன்னுடையதென்று எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு நுரையீரலில் சேர்கிறது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்த ஒரு காலபோகத்தில், வன்னியில் ஒரு வாட்டில் தாதியாக இருந்தேன். வயல் வாடியில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த புல்லு மருந்தை, இருட்டில் தண்ணியென்று குடித்த பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் நிமிர்ந்திருந்து கதைத்தான். போகப்போக ஒரு வசனத்தை மூன்று மூச்சில் முறித்துத்தான் சொல்ல முடிந்தது.

"மிஸ்ஸி, அந்த ஒட்சிசனைப் பிள்ளைக்குப் போட்டுவிடுங்கோவன்" என்று தாய் என் கையைப் பிடித்தா. சிலிண்டர் பக்கத்திலேயே நின்றது. அவன் குடித்த பரகுவாட் கலத்துக்குள் ஒட்சிசனைத்தான் நஞ்சாக்குகிறது. கூடுதலாகக் கொடுத்தால் நுரையீரல் கெதியாய்ச் சிதையும், தாங்கமுடியாத கட்டம் வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெற்றவளுக்கு அதை எந்த வாயால் சொல்வது?

அவனுடைய செத்தவீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அவன்ர வினை."

நான் உருத்திரபுரத்துச் சிவனைக் கும்பிட்டு வளர்ந்தவள். ஆணவம், கன்மம், மாயை மூன்றையும் நம்புகிறவள். ஆனாலும் அந்தச் சொல்லை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. கன்மத்தைச் செத்த பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, போத்தலை வாடியில் வைத்த கையையும், அந்த மருந்தைக் கடைத்தட்டில் அடுக்க விட்ட கையையும் கழுவிவிடுகிறோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாசலையும் நான் பிழை சொல்லமாட்டேன். தன் சாப்பாட்டை எடுக்கத்தான் அது திறந்தது.

2008இல் தொடங்கி 2011க்குள் இலங்கையில் பரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தினார்கள். பூச்சிகொல்லி, களைநாசினிகளால் சாவோர் தொகை இறங்கியது. நெல் விளைச்சல் விழவில்லை. இத்தனை பேருடைய கன்மம் வர்த்தமானியில் அச்சடித்த ஒரு கட்டளையால் தீர்ந்ததா? அந்தத் தடையும் அவர்களுடைய நல்வினைதான் என்று கோவில் பிரசங்கியார் ஒருவர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த நல்வினை மனிசரின் கையால்தான் வந்தது. தடை வராத ஆண்டுகளுக்கும் அந்தக் கைகளே பொறுப்பு.

இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் வயல்களில் இப்போது வேறு பெயரில் மருந்து அடிக்கிறார்கள். சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கண்டால் சண்டை பிடிப்பேன். "வாறது வரும் அக்கா" என்கிறவனை, லேபல் ஒட்டின பழைய கானைத் தேடியெடுத்துத் திரும்ப அதற்குள் ஊற்றவைத்துவிட்டுத்தான் வரம்பை விட்டு இறங்குவேன்.