வேர்வையில் போகுமா விஷம்?

டோல்கேட் மெட்ரோவில் இறங்கி ரோட்டோரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்தமாதிரி வரிசையாக நிற்கும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் வீட்டுக்குப் போய்க் காலரைப் பாருங்கள். நீங்கள் சுவாசித்தது என்னவென்று அதுவே சொல்லிவிடும்.

அங்கே ஒரு யார்டில் இருபது வருஷமாகக் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வீசிங் உண்டு. சமீபத்தில் ஓரிடத்தில் பத்து நாள் ‘டீடாக்ஸ்’ போய் வந்தார். காலையில் கை நிறைய வைட்டமின் மாத்திரை. அப்புறம் மணிக்கணக்காகச் சூடான மர அறைக்குள் உட்கார்ந்து வேர்க்க வேண்டும். சானா என்பார்கள். மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது.

“மூணாம் நாள் உடம்பெல்லாம் செவந்து திகுதிகுன்னு எரிஞ்சுது சார். யூரின் மஞ்சமஞ்சேன்னு போச்சு. இருபது வருஷ விஷம் இறங்குதுன்னாங்க. இப்ப நல்லா தூங்கறேன். இன்ஹேலரைக்கூட நிறுத்திட்டேன், அதுவும் கெமிக்கல்தானே?”

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்ட எவருக்கும் அந்த மஞ்சள் தெரியும். உடம்புக்கு வேண்டாத ரிபோஃப்ளேவின் வெளியே போகிறது. இறங்கியது விஷமல்ல, விலை கொடுத்து வாங்கிய வைட்டமின். எரிச்சல், நயாசினின் வேலை. நாளுக்குச் சுமார் 16 மில்லிகிராம் போதும். அதிகமானால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பு சிவக்கும். மிக அதிகமானால் கல்லீரலே கெடலாம். நச்சை நீக்கும் உறுப்பே அதுதான்! வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். சில ரசாயனங்கள் அதில் துளித்துளியாக வருவது உண்மைதான். ஆனால் அது சொற்பம். பெரிய வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் பார்க்கின்றன.

இந்த வைத்தியத்தின் பிரபலமான வடிவத்தை வகுத்தவர் டாக்டர் அல்ல, விஞ்ஞானக் கதை எழுதிய ரான் ஹப்பர்ட். சயன்டாலஜியை நிறுவியவர். நயாசின் கதிர்வீச்சுக்கு மருந்து என்று 1957-லேயே எழுதினார். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின், புழுதி சுவாசித்த தீயணைப்பு வீரர்களுக்கு இதே முறை இலவசமாகத் தரப்பட்டது. துண்டில் நீலமும் ஊதாவுமாக வேர்வை படிந்தது என்றார்கள். டாக்டர் கொடுத்த மருந்துகளை வீரர்கள் கைவிடுகிறார்களே என்று 2003-ல் தீயணைப்புத் துறையினர் கவலைப்பட்டார்கள்.

‘ஆனால் அவருக்கு நல்லாயிடுச்சே?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து நாள் லாரிப் புகை இல்லை, பீடி இல்லை, வேளாவேளைக்குக் காய்கறி, எட்டு மணி நேரத் தூக்கம். இவ்வளவையும் கொடுத்து வைட்டமினையும் சானாவையும் மட்டும் கொடுக்காமல் இன்னொரு பத்துப் பேரை வைத்துப் பார்த்தால்தானே எது குணப்படுத்தியது என்று தெரியும்? விஞ்ஞானத்தின் சந்தேகம் இவ்வளவுதான். அதில் அகம்பாவம் எதுவும் இல்லை.

நச்சு முறிவு என்பதே பொய் என்று சொல்லவில்லை. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு சோடியம் தயோசல்ஃபேட் ஊசி பற்றிப் பெரிய சண்டை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-ல் அதைச் சோதித்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று தெரியாமல் ஊசி போட்டு, சிறுநீரில் தயோசயனேட் எவ்வளவு என்று அளந்தார்கள். எந்த விஷம், எவ்வளவு, எப்படி வெளியேறியது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடுவதுதான் வைத்தியம். நண்பர் போன இடத்தில் ‘விஷத்துக்கு’ப் பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். காற்றையும் ஆற்றையும் கெடுத்தது யாரோ. ‘உன் உடம்பு அழுக்கு, நீயே காசு கட்டிக் கழுவிக்கொள்’ என்பதுதான் டீடாக்ஸின் தத்துவம். அழுக்காக்கியவன் கணக்கிலேயே வருவதில்லை.

நம்பிக்கையைக் கெடுப்பது பாவமா? அது சும்மா ஒரு ஆறுதலாக இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் அது இன்ஹேலரைத் தூக்கி எறியச் சொல்கிறது. அதற்குப் பிறகும் மௌனமாக இருப்பது மரியாதை ஆகாது, கோழைத்தனம்.

சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப என் காசு போச்சா சார்?” என்றார்.

“தூக்கம் வந்துச்சுல்ல, அது நிஜம். ஆனா இன்ஹேலரை மட்டும் விடாதீங்க.”

டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை. ஒரு வாரம் போன் பண்ணவும் இல்லை. எட்டாம் நாள் பண்ணினார். “டாக்டர்கிட்டதான் நிக்கறேன் சார். டோக்கன் நாப்பத்தி ரெண்டு.”