எழுதி அழிக்கும் உரிமை

1998இல் சோனி ஆய்வாளர் ஜுன் ரெகிமோட்டோ ஒரு முறையை முன்வைத்தார். ஓவியரின் வண்ணத்தட்டு மாதிரி கையில் ஒரு சிறு கணினி. அதில் எழுதியதைப் பேனாவால் எடுத்துப் பொது மின்பலகையில் வைக்கலாம்.

இன்று ஒரே இணைய ஆவணத்தில் பத்துப் பேர் எழுதுகிறோம். தட்டுவது, தயங்குவது, அழிப்பது எல்லாமே மேலதிகாரிக்குத் தெரியும். வேகம்தான். ஆனால் புதுசா வேலைக்குச் சேர்ந்தவர் பாதுகாப்பானதை மட்டுமே எழுதுவார்.

சரி, பெயரில்லாமல் அனுப்பச் சொன்னால்? கருத்து வரும், பொறுப்பு வராது.

ரெகிமோட்டோவின் முறையில் இரண்டுக்கும் இடமுண்டு: தனியாகத் தப்பு பண்ணலாம், பிறகு எல்லார் முன்னாலும் தன் கையாலேயே வைக்கணும். எப்போது காட்டுவது என்பதை எழுதுபவரே முடிவெடுத்தால்தான் பொதுப்பலகையில் மனசில் உள்ளது ஏறும்.