காண்போன் பொறுப்பு: அதுல் டோடியாவின் ‘மகாலட்சுமி’ ஓவியத்தை முன்வைத்து

பிறர் துயரைக் கலைப்பொருளாக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டா என்னும் வினா பழமையானது. அவ்வினாவை ஓவியனிடமிருந்து காண்போனிடம் திருப்பிவிடும் படைப்பாக அதுல் டோடியாவின் ‘மகாலட்சுமி’ விளங்குகிறது.

1959இல் மும்பையில் பிறந்த டோடியா, அந்நகரின் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர். இலண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தில் 2001இல் நடைபெற்ற ‘செஞ்சுரி சிட்டி’ கண்காட்சியின் மும்பைப் பகுதியில் அவருடைய ஷட்டர் ஓவியங்கள் இடம்பெற்றன. கித்தானுக்கு மாற்றாகக் கடைவாயிலின் இரும்புச் சுருள்கதவும், விளம்பரப் பலகை எழுதுவோர் கையாளும் எனாமல் வண்ணமும் இவ்வோவியங்களில் பயின்றுவருகின்றன. இதனை வெறும் புதுமை நாட்டம் என ஒதுக்குவோர் உளர். அக்கருத்து ஏற்புடையதன்று. தூரிகை படுமுன்பே அக்கதவு நகரமாந்தர்க்கு ஒன்றை உணர்த்திக்கொண்டிருக்கிறது. காலையில் உயர்ந்தால் வணிகம்; இரவில் தாழ்ந்தால் ஓய்வு. பட்டப்பகலில் தாழ்ந்தால் அச்சம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரங்களைக் கண்ட மும்பை மக்களுக்கு இம்மூன்றாவது பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

‘மகாலட்சுமி’ ஓவியத்தில், தாழ்ந்த கதவின்மீது நாட்காட்டிப் படங்களில் நாம் காணும் திருமகள் காட்சியளிக்கிறாள். செல்வத்தின் தெய்வம் கடைக்கதவில் இருப்பதில் வியப்பில்லை. கதவு உயரும்போது திருமகள் வரிவரியாகச் சுருண்டு மறைகிறாள். உள்ளே, வரதட்சணைக் கொடுமையால் ஒன்றாகத் தூக்கிட்டு மாய்ந்த சகோதரியர் தொங்குகின்றனர். உண்மையில் நிகழ்ந்து, நாளிதழ் வழியே நாடறிந்த மரணங்கள் அவை. மணமகளைத் திருமகள் எனப் போற்றி வரவேற்கும் சமூகமே அவளுக்கு விலையும் கேட்கிறது என்பதைச் சொல்ல ஓவியனுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் வறுமையையும் ஒன்றாக வைத்தார். உய்ப்போன் செய்தது காண்போனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் பொருள்பட அமைந்த செயிற்றிய நூற்பாவை இளம்பூரணர் மேற்கோளாக ஆள்கிறார். துயருற்றவர் ஒருவர், அதனைக் கண்டு உணர்பவர் பிறிதொருவர் என்னும் இப்பகுப்பு நுட்பமானது. ஆயினும் காண்போன் அங்குப் பெரும்பாலும் பெறுபவனாகவே நிற்கிறான். சுவை அவனிடம் வந்து சேர்கிறது. அவன் செய்வது ஒன்றுமில்லை. கித்தான் ஓவியத்தின் முன் நிற்பவன் நிலையும் அதுவே. கண்ணை மூடினாலன்றி அவன் காட்சிக்குத் தப்ப இயலாது. ஆகவே கண்டதற்கு அவன் பொறுப்பாளியும் ஆகான்.

சுருள்கதவின் முன் இந்நிலை மாறுகிறது. கதவைத் தாழ்ந்தபடியே விட்டுத் திருமகளை மட்டும் வணங்கிச் செல்ல வழியிருக்கிறது. அங்ஙனம் செல்பவன் பொய்யான ஒன்றைக் கண்டதாகவும் கூற இயலாது. கண்டது தெய்வ உருவமே. ஆனால் உள்ளே இருப்பதை அறிந்தபின் தாழ்ந்த கதவின் முன் நிற்பது முன்போல் எளிதாக இருப்பதில்லை. காணாமையும் ஒரு செயலாகிவிடுகிறது. அண்டைவீட்டுப் பெண்ணின் அழுகுரல் கேட்டும் கதவடைத்துக்கொள்ளும் நகரவாழ்வின் இயல்பை இதைவிடச் செறிவாகக் காட்டிய ஓவியம் அரிது.

தெய்வ உருவை இழிவுபடுத்துவதாகச் சிலர் கருதக்கூடும். அக்கருத்துக்கு நெடிய மறுப்புத் தேவையில்லை. இழிவு கதவுக்குப் பின்னால் நிகழ்ந்தது. வலுவான மறுப்பு வேறொன்று. இறந்த பெண்கள் எவருக்கும் தம் உருவைத் தீட்ட இசைவு தரவில்லை. வரதட்சணை அவர்களுக்கு விலை வைத்தது. அவர்தம் மரணத்தைக் காட்டும் ஓவியமும் கலைச்சந்தையில் விலை பெறக்கூடியதே. கதவு எழுப்பும் வினா இம்மறுப்பைப் போக்கிவிடுவதில்லை. இறந்தோரைத் தீட்டும் எந்த ஓவியனும் இக்கடனைத் தீர்த்ததில்லை, டோடியாவும் விலக்கல்லர்.

கண்காட்சிக்கூடத்தில் கதவு உயர்வதும் தாழ்வதும் பலர் முன்னிலையில் நிகழ்பவை. இத்தகைய படைப்பு ஒன்று தனியார் இல்லச் சுவரை அடையுமாயின், அதனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வாங்கியவர் விருப்பம். விருந்தினர் வரும் நாளில், அவ்வீட்டின் திருமண நாளில், அது எந்நிலையில் இருக்கும் என்பதை ஓவியன் வரையறுக்க இயலாது.