தூய மின்சாரமும் நீதியும்

மின்சாரம் தூயது என்பதனால் அதனை ஆக்கும் முறையும் நீதியானதாகிவிடுமா? மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்து, 2020இல் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி இவ்வினாவை எழுப்புகின்றது. 30 சுழலிகளைக் கொண்டு 103.5 மெகாவாற்று மின்வலுவைப் பிறப்பிக்கவல்ல இத்தொகுதி புகை கக்குவதில்லை. இறக்குமதி எரிபொருளையும் வேண்டுவதில்லை. எனினும், அதன் பயன் நாடெங்கும் பகிரப்பட, நிலமும் கரையும் மாறுவது ஒரு தீவிலேயாகும். 2025இல் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். மீன்பிடி குன்றும், மழைவெள்ளம் வடியாது தேங்கும் என்பன அவர்தம் அச்சங்கள்.

ஆயின், காற்றாலையே வேண்டாமென விடுதலும் முழுமையான விடையாகாது. நுரைச்சோலையில் நிலக்கரி எரியுந்தோறும் அதன் சாம்பலை மற்றொரு கரையோர மக்கள் சுமக்கின்றனர். ஒரு கரையின் மறுப்பு மறுகரையின் சுமையாகின்றது.

பலரது நன்மையைக் கூட்டிச் சிலரது இழப்பைக் கழிக்கும் பயன்பாட்டுவாதக் கணக்கு இங்குப் போதாது. இழப்போர் கணக்கிலுள்ள எண்களல்லர். காரணங் கேட்கவும் மறுக்கவும் உரிமையுடைய மனிதர். எனவே அவர்தம் சம்மதம் முதலில் பெறப்படல் வேண்டும். வருவாயிலும் அவர்க்குப் பங்கு வேண்டும். நகரத்தவரும் தம் கூரைகளிற் சூரியக் கலங்களை அமைத்துச் சுமையைப் பகிர்தல் வேண்டும். ஒளியை மட்டும் பெற்றுச் சுமையைப் பெறாதோர் இவ்வழக்கில் நடுவராயிருத்தல் தகாது.