இழந்தவன் யார்?

அமெரிக்காவில் ஒருவர் கடன் அட்டையால் பொருள் வாங்கும்போது, விலையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கடைக்காரரிடமிருந்து கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி அட்டையை வழங்கிய வங்கியைச் சேருகிறது. இக்கட்டணம் மிகையானது, கூடிப்பேசி விதிக்கப்பட்டது என்று 2005இல் நியூயோர்க்கில் வணிகர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2012இல் ஏற்பட்ட இணக்கத்தை 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. 2018இல் விசா, மாஸ்டர்காட் நிறுவனங்களும் பெருவங்கிகளும் ஏறத்தாழ 550 கோடி டொலர் ஈடு வழங்க இணங்கின. 2023இல் மேன்முறையீட்டிலும் அது நிலைபெற்றது.

நீதி வென்றது என்று நாம் மகிழலாமா? கட்டணம் முழுவதையும் வணிகரே சுமந்தனரா? இயன்ற அளவு பொருளின் விலையில் ஏற்றினர். கடன் அட்டையே இல்லாத கூலித் தொழிலாளியும் அவ்விலையைக் காசாகக் கொடுத்தான். அட்டை உடையோருக்குச் சலுகைகளேனும் கிடைத்தன, அவனுக்கு அதுவுமில்லை. அந்த ஈட்டில் அவனுக்குப் பங்குமில்லை.

சிறு கடைக்காரர் பெறும் ஈட்டை நாம் குறைகூறவில்லை, அது நியாயமானதே. ஆயினும், எடுத்தவன் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பதனால் இழந்தவன் பெற்றுவிட்டான் என்று ஆகிவிடாது. இழந்தவன் யார் என்று இறுதிவரை கேளாத நீதி, பாதி நீதியே.