அந்நிய வீதியில் விழுந்தவர் நமக்கு யார்?



முல்லைத்தீவிலும் வன்னியின் ஏனைய ஊர்களிலும் பிள்ளையையோ உடன்பிறப்பையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கும் குடும்பங்கள் பல. அப்பிள்ளைகளுள் ஒருவர் வேலை முடிந்து பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ், ரொறன்ரோ, இலண்டன், எந்த நகரமானாலும் சரி. எதிரே நடந்து வந்த முதியவர் ஒருவர் பனியில் சறுக்கி விழுகிறார். உயிர் போகும் காயமல்ல. ஆனால் அவரால் எழும்ப முடியவில்லை. சுற்றிலும் இருபது பேர் நிற்கின்றனர். பஸ்ஸும் வந்துவிட்டது. நம் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பெரிய கேள்வியொன்று இதனுள் அடங்கியிருக்கிறது. எனக்கு எவ்வித உறவுமில்லாத ஒருவருக்கு, அதுவும் என் நாடல்லாத நாட்டில், நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன்? விலகிப் போகிறவர்கள் பொதுவாக மூன்று நியாயங்களைச் சொல்வார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

“இத்தனை பேர் நிற்கிறார்களே, யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்பது முதலாவது நியாயம். 1964 மார்ச்சில் நியூயோர்க் நகரில் கிற்றி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே கொலையுண்டாள். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று அக்காலப் பத்திரிகைச் செய்தி கூறிற்று. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பின்னர் தெளிவாயிற்று. அயலவர் ஒருவர் கூச்சலிட்டுக் கொலைஞனை அதட்டினார். இன்னொரு பெண் ஓடிவந்து அவளைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டார். எனினும் அச்செய்தி லற்றானே, டார்லி என்ற உளவியலாளர் இருவரை ஆராயத் தூண்டியது. 1968இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவரே அதைக் கேட்பதாக நினைத்தவர்களுள் 100க்கு 85 பேர் உதவி தேடி எழுந்தார்கள். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களுள் 31 பேரே எழுந்தார்கள். இவர்கள் கெட்டவர்களல்லர். பொறுப்பைப் பங்கு போட்டதில் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப் போயிற்று.

புனித தோமஸ் அக்குவினாஸ் தருமம் பற்றிப் பேசுமிடத்து, தேவை வெளிப்படையாகவும் அவசரமாகவும் இருந்து, உதவுவதற்கு வேறெவரும் இருப்பதாகத் தோன்றாதபோது, உதவுவது பாரதூரமான கடமையாகிறது என்கிறார். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் கூட்டத்தில் நிற்பவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். வேறு ஆள் இருக்கிறது என்பது வேறு, வேறு ஆள் உதவுகிறது என்பது வேறு. இருபது பேரில் ஒருவரும் அசையாதவரை, விழுந்தவருக்கு முன்னால் நீங்கள் தனியாகவே நிற்கிறீர்கள். ஒருவர் அசைந்துவிட்டால் மற்றவர்களும் அசைவார்கள். அம்ஸ்ரர்டாம், லங்காஸ்ரர், கேப் ரவுண் ஆகிய மூன்று நகரங்களின் வீதிக் கமராக்களில் பதிவான 219 சச்சரவுகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கிட்டு உதவியதைக் கண்டார்கள். மனிதர் மேல் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நியாயம் அச்சம். “பாஷை தெரியாது, விசா இன்னும் சரிவரவில்லை, பொலிஸ் வந்தால் என்னைத்தான் கேட்கும்.” இதை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. விழுந்தவன் அருகில் நின்றவனும் விசாரிக்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நம்மவர்கள். ஒதுங்கிப் போவது அன்று கோழைத்தனமல்ல, உயிர் தப்பும் வழி. ஆனால் சூழ்நிலை மாறிய பின்பும் பழைய அச்சம் தானாகவே நம்மை நடத்திச் செல்லுமாயின், மனச்சாட்சி அதை மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

நம்மவர் வாழும் நாடுகளின் சட்டத்தையும் இங்கே அறிந்துகொள்வது நல்லது. பிரான்சில், தனக்கோ பிறருக்கோ ஆபத்தின்றி உதவக்கூடிய ஒருவர், ஆபத்திலிருப்பவருக்கு வேண்டுமென்றே உதவாது விட்டால் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை பெறலாம். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் உதவாமை தண்டனைக்குரியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உதவுவது சட்டக் கடமை. ஒன்ராறியோவில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. இங்கிலாந்தின் சட்டமோ அந்நியருக்கு உதவும் பொதுக் கடமை எதையும் விதிக்கவில்லை. ஆயின் இலண்டனில் விழுந்தவரின் வலி பாரிசில் விழுந்தவரின் வலியிலும் குறைந்ததா? சட்டம் எல்லைக்கு எல்லை மாறும். கடமை அப்படி மாறுவதில்லை.

மூன்றாவது நியாயம் நேரம். 1973இல் டார்லியும் பேற்சனும் வெளியிட்ட ஆய்வு, குருமடத்தில் பயின்ற எம்மைப் போன்றோரைத் தலைகுனிய வைப்பது. அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரை, சிறு பேச்சு ஒன்று நிகழ்த்த வேறொரு கட்டடத்திற்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு கிடந்தார். நேரமிருந்தவர்களுள் 100க்கு 63 பேர் உதவினர். நேரம் பிந்திவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களுள் 10 பேரே உதவினர். சிலர் பேசப்போன பொருள் என்ன தெரியுமா? நல்ல சமாரியர் உவமையேதான்! அதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு போனது பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. அன்பைத் தடுத்தது பகைமையன்று, மணிக்கூடு.

அந்தச் சமாரியரை நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் அவ்வழி அவருடைய ஊர் வழியல்ல. அங்கே அவர் அந்நியர், விரும்பப்படாதவர். அந்நியன் என்பது விலகிப் போக நியாயமாகுமானால், அந்நியாயத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர் அவரே. இன்னொன்றும் உண்டு. அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை. காயத்தைக் கட்டினார், சத்திரத்தில் சேர்த்தார், செலவுக்குக் கொடுத்தார், மறுநாள் தம் வழியே போனார். கடமைக்கு எல்லை உண்டு. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நம் பிள்ளையிடம் கேட்கப்படுவது ஒரு தொலைபேசி அழைப்பும் அடுத்த பஸ் வரும்வரையான பத்து நிமிடமுமே.

நிற்க. இதை வாசிக்கும்போது சிலருடைய நெஞ்சில் வேறொரு வீதி எழும் என்பதை அறிவோம். 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடிய வழியில், விழுந்தவர்களைக் கடந்தே பலர் வர நேர்ந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று, மேலே எறிகணை. “தண்ணீர் கேட்டவருக்குக் கொடுக்காமல் வந்துவிட்டேனே” என்ற நினைவைச் சுமந்து இன்றும் வாழ்பவர்கள் நம் நடுவே உள்ளனர். அவர்களுக்கு ஒழுக்க இறையியல் தெளிவாகச் சொல்வது இது: முடியாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர். உதவ முடியாமற் போனதும் உதவ மறுத்ததும் ஒன்றல்ல. உங்களைக் குத்துவது குற்றமன்று, துயரம். விலகிப் போனவர் மறந்துவிடுவார், நீங்கள் மறக்கவில்லை. அந்தத் துயரத்தை இறைவனிடம் ஒப்படையுங்கள். பாவம் என்று அதற்குப் பெயர் சூட்டாதீர்கள்.

இன்று நம் வீதியில் நிலைமை வேறு. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இரவில் மாட்டோடு மோதி மோட்டார் சைக்கிளுடன் ஒருவர் விழுந்தால், இலவச அம்புலன்ஸை அழைக்க 1990 என்ற இலக்கம் இருக்கிறது. 2018இல் இச்சேவை வடக்குக்கும் வந்தது. ஆனால் முதலில் கையில் எடுத்த தொலைபேசியை அழைக்கவா, படம் பிடிக்கவா பயன்படுத்துகிறோம்? கனடாவில் 911, ஐரோப்பிய நாடுகளில் 112, இங்கிலாந்தில் 999 என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். அந்த இலக்கத்தை அழுத்தும் மனத்தை வீட்டில்தான் கொடுக்க வேண்டும்.

எனவே, பெற்றோரே, பிள்ளையோடு அடுத்த முறை பேசும்போது, சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்பதோடு இதையும் ஒருமுறை சொல்லுங்கள்: “வழியில் ஒருவர் விழுந்தால் நின்று பார், மகனே. பஸ் பிந்தினால் பரவாயில்லை.”