எனக்கு மட்டும் தனி மேசை

சென்னையில் ஓர் உணவகம் திறப்பதற்கு முன் 'டேஸ்டிங்' வைத்து எங்களையும் அழைத்திருந்தார்கள். நாற்பது பேர் உட்காரக்கூடிய இடத்தில் நூறு பேராவது நின்றிருப்போம். நாட்டுக்கோழி வறுவல், நண்டு ரசம், சுக்கா, மூளை மிளகு என்று தட்டுகள் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. கைக்கு எட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வந்தபோதெல்லாம் "நான் சைவம்" என்றேன். நான்காவது முறை சொன்னபோது உரிமையாளரே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். கூட்டத்தை விலக்கி ஓரமாக ஒரு மேசை போடச் சொன்னார். புதுத் தட்டு, தனிக் கரண்டி, பனீர், காளான். "தனி அடுப்புல செஞ்சது மேடம், பயப்படாம சாப்பிடுங்க" என்றார்.

என்னோடு வந்த தோழி பரிமாறிய பையனிடம் பீஃப் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இல்லக்கா, எல்லாரும் வர்ற இடம்" என்றானாம். திரும்பும்போது மின்சார ரயிலில் இதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் தலித். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் அவள் இல்லை. இரண்டு பேருக்கும் வேண்டியது அங்கே இல்லை. ஆனால் எனக்கு இல்லாததற்கு மன்னிப்பும் மேசையும் வந்தன, அவளுக்கு இல்லாததற்குத் தாழ்ந்த குரல் வந்தது.

எனக்கு ஊர் செஞ்சிப் பக்கம் தளவானூர். எங்கள் வீட்டில் எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள். பதினொரு வயதில், நான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாவை அம்மன் கோயிலில் வெட்டினார்கள். அன்றோடு விட்டேன். சாமியும் சாஸ்திரமும் அதில் இல்லை. அதன் முகம் தெரியும், அவ்வளவுதான். ஆயா மட்டும், "துன்னலனா போ, ஒரு பங்கு மிச்சம்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீட்டில் கறிச்சட்டி முதலில் அப்பாவிடம் போகும், பிறகு அண்ணன்களிடம். அம்மாவிடம் வரும்போது குழம்பும் எலும்பும் இருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21), 15 முதல் 49 வயதுக்குள் அசைவம் உண்ணும் ஆண்கள் 83.4 சதவீதம், பெண்கள் 70.6 சதவீதம் என்கிறது. இந்த இடைவெளி முழுவதையும் பெண்களின் ஜீவகாருண்யத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை.

அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் வீடே சைவமாகிவிடும். சட்டிகூட மாறும். நான் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் அடம். "போற எடத்துல இன்னா சொல்லுவாங்க" என்று அம்மா என் கல்யாணப் பேச்சு வரை கவலைப்பட்டாள். ஆணின் விரதத்துக்கு அடுப்பு பணிந்தது. என் மறுப்புக்கு, குழம்பிலிருந்து துண்டுகளை ஒதுக்கிவிட்டு அதையே ஊற்றினார்கள்.

சென்னைக்கு வந்தபிறகு அந்த அடம் சொத்தாக மாறியது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மாள் முதலில் கேட்டதே, "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என்னை யாரென்று நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. திருத்தவில்லை. அதே தெருவில் அதற்கு முந்தைய மாதம் தோழிக்கு வீடு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு கிடாவின் மேல் வைத்த பிரியத்துக்குக் கிடைத்த கூலியை வாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவர்கள். அப்படியிருந்தும் விதிவிலக்காகப் பெயர் சூட்டப்பட்டிருப்பது அவர்களுக்குத்தான்: அ-சைவம். சொல்லே வேடிக்கையானது. எங்கள் பகுதியில் புலால் மறுத்தவர்கள் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர்கள் சமணர்கள். மேல்சித்தாமூரில் இன்றும் அவர்கள் மடம் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களோடு மல்லுக்கு நின்ற சமயத்தின் பெயர்தான் இன்று மரக்கறிச் சோற்றுக்கு நிற்கிறது. தளவானூர் குடைவரையைக் குடைவித்த மகேந்திரவர்மனும் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவன் என்றே மரபு சொல்லும். அந்தச் சைவத்தின் நாயன்மார்களில் ஒருவர் கண்ணப்பர். பன்றிக்கறியை வாயில் இட்டு ருசி பார்த்து, நல்ல துண்டுகளைச் சிவனுக்குப் படைத்தவர். பதறியவர் பூசை செய்த சிவகோசரியார்தான். சாமி பதறவில்லை.

எதை உண்பது என்பது சொந்த விஷயம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்பதோடு சேர்த்துத்தான் தேடினார். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றபோது, அது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் முதலில் அது இல்லை, எதிர்ப்பு எழுந்தபிறகு வந்தது. இந்த விழாக்களில் சைவக் கடை கேட்டு யாரும் போராட வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் நான் சாப்பிட்டுவிட வேண்டுமா? ஒரு கூட்டம் முடிந்த இரவு, தோழர்கள் என் தட்டில் ஒரு துண்டை வைத்து, "இதச் சாப்பிட்டாதான் சாதிய உதறினதா அர்த்தம்" என்றார்கள். சுற்றிலும் ஆண்கள். சமைத்தவர், இன்னும் சாப்பிடாதவர், அந்த வீட்டுப் பெண். என் வாயைச் சோதனைச் சாவடி ஆக்குவதில் அவர்களுக்கும் என் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாப்பிடவில்லை. கரோல் ஆடம்ஸ் 1990இல் புலாலுக்கும் ஆணாதிக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதைப் படித்தபோது உற்சாகமாக இருந்தது. ஆனால் இங்கே கறி மட்டுமல்ல, கறி வேண்டாம் என்பதும் அதிகாரத்தின் மொழிதான். அவர் அமெரிக்காவில் இருந்து எழுதினார்.

எனக்குப் பிடிபட்ட ஒரே வழி, மறுப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான். ஆட்டைத் தின்ன மறுப்பதால் ஏதோ ஓர் ஆட்டுக்காவது பயன் இருக்கலாம். தனிக் கரண்டியால் எந்த ஆடும் பிழைப்பதில்லை. தனி அடுப்பு, தனி மேசை, வாசனை வராத தெரு, இதில் எதிலும் ஆட்டின் மேல் கருணை கிடையாது. அதெல்லாம் மனிதர்களைப் பற்றியது. (அன்று எனக்கு வைத்த பனீரும் ஒரு கன்றின் பால்தான். கறவை நின்ற மாடு எங்கே போகிறது என்று என் காபியிடம் நான் கேட்பதில்லை.) வள்ளலார் புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று விலக்கியவர். அவரே அவர்கள் பசியையும் தீர்க்கச் சொன்னார். 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு வந்தவரின் சாதியைக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தப் 'புற' என்ற சொல் என்னை உறுத்துகிறது. சோறு போடுவதும் உறவாக ஏற்பதும் வேறுவேறு என்றுதானே அது சொல்கிறது?

போன பொங்கலுக்குத் தோழியின் ஊருக்குப் போயிருந்தேன். அவள் அம்மா ஒரு பக்கம் மாட்டுக்கறி வறுத்துக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் எனக்காகக் கத்தரிக்காய். இரண்டுக்கும் ஒரே கரண்டி. கிளறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "இதே கரண்டிதாம்மா, பரவால்லியா?" என்று கேட்டார்.

பரவாயில்லை என்றேன். சொல்வதற்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். கரண்டியைக் கழுவி வந்து மறுபடி கிளறினார்.